நடு இல்லாத கோயில்

பழைய கிறிஸ்தவக் கோயில்களின் உட்புறப் படங்களைச் சேர்த்து மேசையில் பரப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படமாகத்தான் இருக்கும். வாசலைத் தாண்டி நாலடி உள்ளே நின்று எடுத்திருப்பார்கள். நடுவில் பாதை, இரண்டு பக்கமும் தூண் வரிசை, எல்லாக் கோடுகளும் போய்ச் சேருகிற இடத்தில் பீடம். ஊர் மாறும், நூற்றாண்டு மாறும், கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ. என்று சபை மாறும், படம் மாறாது. நானும் அதை எடுப்பவன்தான். எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதல் வேலையாக அதை எடுத்து முடித்துவிடுவேன். ஆண்டு மலருக்கும் நாட்காட்டிக்கும் சபையார் கேட்பது அந்தப் படத்தைத்தான். கட்டியவர்களும் கண் அந்தக் கோட்டில் போகவேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த நடுக்கோட்டில் நின்று பீடத்தை நேராகப் பார்க்கிற வாய்ப்பு ஊர்க்காரர் ஒருவருக்கு எத்தனை முறை கிடைக்கும்? கல்யாணத்தன்று ஒருமுறை. பெட்டியில் வைத்துக் கொண்டுவரும்போது இன்னொரு முறை. அப்போது பார்க்க முடியாது. நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். மற்றபடி வாழ்நாள் முழுக்க அவர் கோயிலைப் பார்ப்பது ஏதோ ஒரு பக்கத்திலிருந்து. தூண் பாதியை மறைத்திருக்கும். பீடத்தின் ஓரமும் பிரசங்க மேடையின் படியும் ஒரு ஜன்னலும்தான் அவருடைய கோயில். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

தென்மாவட்டக் கிராமக் கோயில்களை எடுக்க எடுக்க எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது: கோயிலுக்குள் ட்ரைபாட் நிற்கிற ஒவ்வொரு இடமும் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய இடம். நடுப்பாதை கல்யாணப் பெண்ணுடையது. பீடம் குருவானவருடையது. கடைசித் தூணின் மறைவு, பிள்ளை அழுதால் சட்டென்று வெளியே தூக்கிக்கொண்டு போகவேண்டிய தாயுடையது. யாருடைய இடத்தில் நிற்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். லென்ஸ், வெளிச்சம், நேரம் எல்லாம் அதற்குப் பிறகு.

*

திசையன்விளைப் பக்கம், செம்மண் தேரியும் பனையுமாகக் கிடக்கிற வெளியில் இருக்கிறது இடையன்குடி. ராபர்ட் கால்டுவெல் 1841இன் இறுதியில் இங்கே வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து நடந்தே வந்தவர். ஊருக்குத் தெருக்களை நேராக அளந்து போட்டவரும் அவர்தான். தூய திரித்துவ ஆலயத்தின் வேலை 1847இல் தொடங்கியது. பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6 அன்று. இடைப்பட்ட 33 ஆண்டுகளில் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்து, 1875இல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. 1877இல் அவர் பேராயராகவும் ஆகிவிட்டார். கோயில்தான் முடியாமல் நின்றது. 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலின் பீடத்தடியிலேயே அடக்கம் செய்தார்கள்.

இந்த வரலாறு படம் எடுப்பவனுக்கு வெறும் தகவல் இல்லை. பீடத்தை நெருங்கி ட்ரைபாட் வைக்கும்போது கீழே ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு வேண்டும். கூர்முனைக் கால்களைக் கழற்றிவிட்டு ரப்பர் குப்பி மாட்டிக்கொள்வது தரையில் கீறல் விழாமலிருக்க மட்டும் இல்லை. பையை இறக்கி வைக்கிற இடம், லென்ஸ் மூடியை வைக்கிற இடம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். பீடத்தின் மேல் எதையும் வைக்கக்கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்தமுறை போகும்போது சாவி கிடைக்காது.

இடையன்குடியில் நான் அதிக நேரம் நிற்பது ஜன்னல்களிடம்தான். கூர்வளைவு ஜன்னல் என்பது தேரிக்காட்டுக் கொத்தனார் அதுவரை பார்த்திராத உருவம். காகிதத்தில் வரைந்து காட்டினால் வேலைக்காரர்களுக்குப் பிடிபடவில்லை என்று, கால்டுவெல் தம் கையாலேயே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுவதுண்டு. அதைப் படித்த பிறகு ஜன்னலை முழுசாக எடுப்பதை நிறுத்தி, வளைவுகள் ஒன்றோடொன்று சேருகிற முனைகளை மட்டும் 85 மி.மீ. லென்ஸில் தனித்தனியாக எடுக்கத் தொடங்கினேன். வெளியே வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சுவர் ஓரமாக ஒட்டி நின்று பார்த்தால், பலமுறை அடித்த வர்ணத்துக்கு அடியிலும் கைவேலை தெரியும். இந்தப் பக்கத்து வளைவும் அந்தப் பக்கத்து வளைவும் தராசில் வைத்ததுபோல் சமமாக இருக்காது. ஒன்றில் சற்றுத் தயங்கியிருக்கிறது, இன்னொன்றில் துணிந்து போயிருக்கிறது. களிமண்ணைப் பார்த்துக் கல்வேலை கற்றுக்கொண்டவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களுக்கு என்று எடுக்கக்கூடிய படம் இதுதான்.

பீடத்து விரிப்பின் ஓரத்தில் லேஸ் இருந்தால் அதையும் விடுவதில்லை. கால்டுவெல்லின் மனைவி எலைசா இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்; நாகர்கோவிலில் அவருடைய தாய் மார்த்தா மால்ட் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது. வெள்ளை விரிப்பில் வெள்ளை நூல். கேமராவின் மீட்டர் சொல்வதை அப்படியே கேட்டால் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப்புக்கு மேல் கூட்டினால் நூல் கரைந்து போகும். முன்பக்க விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்க ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் விட்டு, முக்கால் ஸ்டாப் கூட்டி எடுத்தால் ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் ஒரு மயிரிழை நிழல் விழும். அந்த நிழலில்தான் பின்னல் தெரிகிறது.

*

கிராமக் கோயிலில் வெளிச்சத்தைப் பற்றிப் பேசவேண்டுமானால் கோயில்பிள்ளையிடமிருந்துதான் தொடங்கவேண்டும். சாவி அவரிடம், ஸ்விட்ச் பலகையும் அவரிடம். படம் எடுக்க ஆள் வருகிறது என்று சபைப் போதகரான ஐயர் சொல்லியிருப்பார். நாம் போவதற்கு முன்பே அவர் பெருக்கித் துடைத்து, எல்லா டியூப் லைட்டையும் போட்டு, பண்டிகைக்குக் கட்டிய சீரியல் செட்டையும் எரியவிட்டு நிற்பார்.

“எல்லா லைட்டையும் போட்டுட்டேன் தம்பி. ஃபேனும் போடட்டா? வேத்துப்போவுதுல்லா.”

“லைட்டு இருக்கட்டும் அண்ணாச்சி. ஃபேன் மட்டும் வேண்டாம், படத்துல சுத்துறது தெரியும்.”

இது உபசாரம். இதை ஒரேயடியாக அணைக்கச் சொல்லக்கூடாது. எல்லா விளக்கும் எரிகிற படத்தை முதலில் முழு மனதோடு எடுக்கிறேன். கிறிஸ்துமஸ் இரவிலும் வருஷப் பிறப்பு ஆராதனையிலும் ஊர்க்காரர்கள் பார்க்கிற கோயில் அதுதான். எடுத்ததைக் கேமராவின் திரையில் அவருக்குக் காட்டுவேன். அதற்குப் பிறகு, “இனி ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்ப்போமா அண்ணாச்சி?” என்றால் அவரே ஆர்வமாக ஸ்விட்ச் பலகைக்குப் போய்விடுவார். கடைசி விளக்கு அணைந்து கண் பழக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை இல்லாத ஒரு சாய்வான வெளிச்சம் தரையில் கிடப்பது அப்போதுதான் தெரியவரும். தினமும் விடியற்காலையில் வந்து கதவைத் திறக்கிற மனிதருக்கு மட்டும் அது தெரிந்த வெளிச்சம். “காலையில நான் மணியடிக்க வாறப்ப இப்படித்தான் இருக்கும்” என்பார்.

டியூப் லைட்டையும் பகல் வெளிச்சத்தையும் கலக்கவிடாததற்குத் தொழில் காரணமும் உண்டு. எல்.இ.டி. நீலமாகவோ பச்சையாகவோ இழுக்கும், பழைய குண்டு பல்பு மஞ்சளாக. ஒரே சுவரில் மூன்று நிறம் விழுந்தால் பிறகு கம்ப்யூட்டரில் எதைச் சரிசெய்தாலும் மற்றது கெடும். விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு மேல் விரட்டாமல் இருப்பது நல்லது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பில் வேகமான ஷட்டர் படத்தின் குறுக்கே பட்டைகளை விழவைக்கும். ட்ரைபாட்டில் நின்று ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஒன்றிரண்டு விநாடி என்று எடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு ஃபேன்தான் எதிரி. இரண்டு விநாடியில் மூன்று இறக்கையும் சேர்ந்து ஒரு சாம்பல் வட்டமாகிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பீடம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே பாதி விடை. பழைய ஆங்கிலிக்க மரபில் பீடம் கிழக்கே இருக்கும். காலையில் சூரியன் பீடத்து ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வருவதால் ஜன்னல் எரியும், அதன் கீழே எல்லாம் கறுக்கும். மாலையில் மேற்கு வாசலைத் திறந்து வைத்தால் வெயில் தரையோடு தவழ்ந்து உள்ளே வரும். ஜன்னல் வெளிச்சத்துக்கும் தூணின் நிழலுக்கும் பத்து ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் இருக்கும். ஒரே கிளிக்கில் இரண்டும் வராது. ஐந்தாறு கிளிக் எடுத்து மென்பொருளில் சேர்த்தால் எல்லா மூலையும் பளிச்சென்று தெரியும். அப்படிப்பட்ட படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றே: அந்தக் கோயிலின் இருட்டை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? வெயிலில் பனங்காட்டைத் தாண்டி நடந்து வந்தவர் உள்ளே நுழைந்ததும் உணர்கிற முதல் சுகம் அந்த இருட்டுதான். நான் மூன்று கிளிக்குக்கு மேல் சேர்ப்பதில்லை. ஜன்னலில் நிறம் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒன்று, ஆள் உட்காருகிற இடம் தெரிகிற அளவுக்கு ஒன்று, இடையில் ஒன்று. கூரையின் மூலை கறுப்பாகவே இருக்கட்டும். அங்கே யாரும் உட்காருவதில்லை.

*

உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கட்டடப் படக் கலையின் பாடப்புத்தகங்கள் நின்றுகொண்டிருக்கும் மனிதனின் கண்மட்டத்தைச் சொல்கின்றன, ஐந்தடி சுமார். மேற்கத்திய கோயில்களில் அது சரி. நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் சனங்கள் தரையில்தான் உட்காருகிறார்கள். பெஞ்சு இருந்தாலும் ஓரமாக நாலு, வயசானவர்களுக்கு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, பாயிலோ வெறும் தரையிலோ சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருவரின் கண் தரையிலிருந்து இரண்டரை அடிதான். அந்த உயரத்துக்குக் கேமராவை இறக்கியதும் கோயிலே வேறாகிவிடுகிறது. தூணின் அடிப்பீடம் கண்முன் வருகிறது. தரை, படத்தின் பாதியை எடுத்துக்கொள்கிறது. அதில் தேய்ந்த இடமும் தேயாத இடமும் தெரிகிறது. பீடம் உயர்ந்துவிடுகிறது. பீடத்துக்கு அத்தனை படிகள் ஏன் வைத்தார்கள் என்பது ஐந்தடி உயரத்தில் புரியாது. இரண்டரை அடியில் கேட்காமலே புரியும்.

கேமராவை இறக்கலாம், அண்ணாந்து பார்க்கவைக்கக் கூடாது. கொஞ்சம் மேலே சாய்த்தாலும் தூண்கள் பின்னால் மல்லாந்து ஒன்றையொன்று நெருங்கும். கோயில் சரிந்துகொண்டிருப்பது போலாகும். அதற்குத்தான் ஷிப்ட் லென்ஸ். கேமராவை மட்டம் பிடித்து வைத்துவிட்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் தூண் நேராக நிற்க, கூரையும் வந்துவிடும். அது இல்லாதவர்கள் கேமராவை நிமிர்த்திப் பிடித்துச் சற்று அகலமாக எடுத்து, கீழே தேவையில்லாத தரையை வெட்டிக்கொள்ளலாம். 24 மி.மீ.க்குக் கீழே போனால் சின்னக் கிராமக் கோயில் பெரிய பேராலயம்போல் நீண்டுவிடும். பார்ப்பவர் அசந்துபோவார், உள்ளூர்க்காரர், “இது நம்ம கோயிலா?” என்பார். அந்தக் கேள்வியைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

உள்ளே இருக்கிற பொருட்களை என்ன செய்வது என்பது தொழிலில் பழைய வழக்கு. கோயில் உட்புறங்களை எடுத்தவர்களில் எல்லோரும் ஆசானாகக் கொள்வது ஃபிரெடரிக் எவான்ஸை. லண்டனில் புத்தகக்கடை வைத்திருந்தவர். இங்கிலாந்தின் பேராலயங்களைப் பிளாட்டினப் படங்களாக எடுத்தார். வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த படிக்கட்டை அலையலையாகக் காட்டிய அவருடைய 1903ஆம் ஆண்டுப் படம் இன்றைக்கும் பாடம். வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கேமராவை எடுப்பார். படத்துக்கு இடைஞ்சலான நாற்காலிகளை அப்புறப்படுத்தச் சொல்லி வாங்கிவிடுவார் என்றும் படித்திருக்கிறேன். அவருடைய பொறுமையை எடுத்துக்கொண்டேன், நாற்காலி விஷயத்தில் வேறு வழியில் போகிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, தூணில் கட்டிய ஒலிபெருக்கிப் பெட்டி, பாட்டு நம்பர் மாட்டுகிற பலகை, சுவரில் ஓடுகிற வயர் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். நாற்காலி யாருக்காகப் போடப்பட்டிருக்கிறது என்பது அந்தக் கோயிலின் இன்றைய செய்தி. முட்டுவலிக்காரர்கள் எத்தனை பேர், பாடகர் குழுவில் எத்தனை பிள்ளைகள் என்பதை அது சொல்லிவிடும். துடைப்பமும் வாளியும் மட்டும்தான் ஓரமாகப் போகும், அதுவும் கோயில்பிள்ளை கேட்டுக்கொண்டால்.

*

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நடுக்கோடு இருக்கிற கோயில்களுக்கு. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்துக்குள் போனால் இந்தப் பாடத்தில் பாதி உதவாது.

பணகுடி, காவல்கிணறு வட்டாரத்தில், காற்றாலைகள் சுற்றுகிற வெளியில் இருக்கிற பெரிய கிராமம் வடக்கன்குளம். சேசு சபைக் குருக்களின் பழைய தலம். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலைபார்த்த நீலகண்ட பிள்ளை 1745இல் இங்கேதான் பரஞ்சோதிநாதர் என்று அழைக்கப்பட்ட புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. சாதி பார்க்காமல் பழகியவர் என்று அவரைப் போற்றுகிறோம். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில்தான், அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1872இல், சாதிக்கு ஒரு பக்கமாக இந்தக் கோயில் கட்டப்பட்டது.

கோயிலுக்கு இரண்டு கைகள். இரண்டும் தனித்தனி நீள மண்டபங்கள். சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேருகின்றன. ஒரு கை வெள்ளாளருக்கு, ஒரு கை நாடாருக்கு. கால்சட்டை போன்ற கோயில் என்று எழுதியவர்கள் உண்டு. ஒரே குருவானவர், ஒரே பலி, ஒரே நேரம். ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாம். நடுவில் இருந்த பிரிவுச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. மைக்கேல் பிள்ளை – பிஷப் பார்த் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது அதுதான். கோயிலுக்குள் சாதியின் பேரால் தனியிடம் கேட்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

சுவர் போனது, கைகள் போகவில்லை. அவை கட்டடத்தின் எலும்பு, இடித்தால் கோயிலே இல்லை. இங்கே ட்ரைபாடை எங்கே நிறுத்துவது?

பழக்க தோஷத்தில் கால் நடுவைத் தேடிப் போகும். ஒரு கையின் வாசலில் நின்றால் அந்தக் கையின் நடு கிடைக்கும், கோயிலின் நடு கிடைக்காது. எடுத்த படம் அழகாகவே இருக்கும். தூண், பாதை, பீடம் எல்லாம் உண்டு. விவரம் தெரியாதவர் பார்த்தால் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய கோயில். அதுதான் அந்தப் படத்தின் குறை. கோயிலில் பாதியைக் காட்டிவிட்டு முழுக்கோயில் என்று சொல்லிவிடுகிறது. 1872இல் அந்தக் கையில் உட்கார்ந்த ஒருவருக்கு வசதியாக இருந்திருக்கக்கூடிய பொய் அது. மறு கையில் ஆள் இருப்பதே தெரியாமல் அவர் பூசை பார்த்துவிட்டுப் போகலாம்.

இரண்டு கைகளும் கடைசிவரை ஒருசேரத் தெரிகிற இடம் பீடம்தான். கட்டியவர்கள் அந்தப் பார்வையை ஒரே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பூசையில் குருவானவர் சனங்களுக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்துத்தான் நிற்பார். ஆசி சொல்வது, பிரசங்கம் செய்வது போன்ற சில நேரங்களில்தான் திரும்புவார். 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் சனங்களைப் பார்த்துப் பூசை வைக்கும் வழக்கம் வந்தது. அப்படியானால் சுவர் இருந்த காலத்தில், இரண்டு பக்கத்துச் சனத்தையும் சேர்த்துப் பார்க்கமுடிந்த ஒரே மனிதரும் பூசையின் பெரும்பகுதி நேரம் அவர்களைப் பார்க்கவில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் தேடிப் பிடிக்கவில்லை. கேமராவோடு அங்கே எந்தத் திசையில் திரும்புவது என்று யோசித்தபோது கட்டடமே சொன்னது.

பீடத்தில் நிற்பதற்கு அனுமதி வேண்டும். வாசலில் நிற்க வாங்கிய அனுமதி இதற்குப் போதாது, தனியாகக் கேட்கவேண்டும்.

“அங்கேயிருந்து எதை எடுப்பீங்க? பீடமே உங்களுக்குப் பின்னாடி போயிருமே” என்றார் குருவானவர்.

“சனங்க உட்காருற இடத்தைத்தான் சாமி. ரெண்டு பக்கமும் ஒரே படத்துல.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “பூசை இல்லாத நேரமா வாங்க” என்றார். எதற்காக என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊர்க் குருவுக்கு அதை விளக்கவும் தேவையில்லை.

பீடத்திலிருந்து எடுத்த படத்தில், சட்டத்தின் நடுவில் பாதை வராது. இரண்டு கைகளும் பிரிகிற முனைதான் வரும். இடதும் வலதும் இரண்டு கோயில்கள் விலகிப் போகின்றன. அகல லென்ஸ் போட்டால்தான் இரண்டும் அடங்கும். ஓரங்கள் இழுபடத்தான் செய்யும். வேறு இடத்தில் நான் வெறுக்கிற அந்த இழுப்பை இங்கே ஏற்றுக்கொண்டேன். இந்தக் கோயிலை ஒரே சட்டத்தில் அடக்குவது சிரமம் என்பது படத்திலேயே தெரியட்டும்.

பத்திரிகை நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, நாலைந்து படமாக எடுத்து மென்பொருளில் ஒட்டி, முனையை மழுக்கி, ஒரே அகலமான மண்டபமாகக் காட்டமுடியாதா என்று கேட்டார். பக்கத்தில் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். முடியும், அரைமணி வேலை. ஆனால் அப்படி ஒரு மண்டபம் வடக்கன்குளத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. 1910இல் சுவரை இடித்தவர்களாலும் அதைக் கொண்டுவர முடியவில்லை. நான் மௌஸை நகர்த்திக் கொண்டுவந்துவிட்டால் அவர்கள் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை?

பீடத்துப் படம் குருவானவருடைய பார்வை. சனங்களுடைய பார்வைக்கு இன்னும் இரண்டு படம் தேவைப்பட்டது. ஒவ்வொரு கையின் பின்வரிசையிலிருந்தும் ஒன்று, தரையில் உட்கார்ந்தவரின் இரண்டரை அடி உயரத்தில். இங்கே வந்த சிக்கலை வேறு எந்தக் கோயிலிலும் சந்தித்ததில்லை. இரண்டு கைகளும் இரண்டு திசையில் போகின்றன. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டுக்கும் ஒரே வெளிச்சம் கிடையாது. ஒன்றில் வெயில் உள்ளே வந்து விழும்போது மற்றது மங்கிக் கிடக்கும். ஒரே நேரத்தில் எடுத்தால் ஒரு பக்கம் உயிரோடும் மறுபக்கம் கைவிடப்பட்டதாகவும் தெரியும். சூரியன் செய்ததை நான் சொன்னதாகிவிடும். அதனதன் நல்ல நேரத்தில் தனித்தனியாக எடுத்தால் இரண்டும் அழகாக இருக்கும். ஆனால் சேர்த்துப் பார்க்கிறவர் இரண்டு வேறு கோயில்களைப் பார்ப்பார்.

இதற்கு வானம்தான் வழிவிட வேண்டியிருந்தது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, வானம் முழுக்க ஒரே சீராக மூடிக்கிடக்கிற நாளில் வெளிச்சத்துக்குத் திசை கிடையாது. எல்லா ஜன்னலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். உட்புறம் எடுப்பவர்கள் பொதுவாக விரும்பாத வெளிச்சம் அது. நிழல் விழாது, தூணுக்கு உருட்சி வராது, நிறமெல்லாம் தணிந்திருக்கும். அப்படி ஒரு நாள் பார்த்துப் போனேன். விளக்கு எதுவும் போடவில்லை. ஒரே லென்ஸ், ஒரே உயரம், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100. முதல் கையில் மீட்டர் காட்டிய விநாடியையே மறு கைக்கும் வைத்தேன். மறு கையில் மீட்டரைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரிலும் இரண்டுக்கும் ஒரே திருத்தம், நகல் எடுத்து ஒட்டியதுதான்.

பங்குக்குக் கொடுத்த பிரிண்டுகளும் ஒரே அளவு. கீழே குறிப்பில் 1872, 1910, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் எழுதியிருக்கிறேன். எந்தக் கை யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை மட்டும் எழுதவில்லை. ஊரில் பெரியவர்களுக்கு அது தெரியும், பார்த்ததும் விரல் வைத்துச் சொல்வார்கள். வெளியூர்க்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு, எதுக்கு ரெண்டு?” என்று கேட்கிறார். கேட்கட்டும். அந்தக் கேள்வி வரவேண்டும் என்றுதான் மேகம் பார்த்துக் காத்திருந்தேன்.